ஒற்றைக்கால் மூசாங்

காணாமற்போன வைரத் தோடு, கள்ளக் கையெழுத்து, கல்யாணத்துக்கு முதல் நாள் ஓடிப்போன மாப்பிள்ளை என்று ஈப்போவில் எத்தனையோ வழக்குகளில் தன் அக்காள் கணவருக்குப் பின்னால் ஓடியிருந்த பத்துமலை, ஒரு கோழிக்கூட்டின் முன்னால் மண்டியிட்டு உட்கார வேண்டிவரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"மச்சான், தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா மானம் போயிரும்லா. துப்பறியும் சதாசிவம் முட்டை பொறுக்க ஆரம்பிச்சிட்டாருன்னு பேசுவாங்க."

"பேசட்டும் மாப்ள. நீ வாய மூடிக்கிட்டுக் கூட்டுக்குள்ள தலைய விடு."

"ரெண்டையும் ஒண்ணா செய்யணுமா? ஒவ்வொண்ணா செய்யலாமா?"

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பொய்யைத் தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வேலையை விட்டவர் சதாசிவம். பத்துமலையின் வாய் அவருக்கு மழைச் சத்தம் மாதிரி. காதில் விழும், அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட்டில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கி ஆறாங்கட்டைத் தோட்டத்துக்கு இருவரும் வந்து சேர்ந்தபோது காலைப் பால்வெட்டு இன்னும் முடியவில்லை. ஆண்களும் பெண்களும் ரப்பர்க் காட்டுக்குள் இருந்தார்கள். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து சற்று ஒதுங்கி நின்ற பெரிய கங்காணி மாயாண்டியின் வீட்டில் அவர் மனைவி வீரம்மா மட்டும் இருந்தாள். நேற்று ஈப்போவுக்கு வந்து சதாசிவத்தின் வாசலில் தயங்கி நின்றவள் அவள்தான்.

கூடு என்று அதைச் சொன்னால் கட்டியவருக்கு மரியாதைக் குறைவு. நாலு கட்டைக் கால்களின் மேல் நின்றது. பாம்பும் எலியும் ஏறிவிடாதபடி ஒவ்வொரு காலிலும் மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் குடைபோலக் கவிழ்த்திருந்தது. சுவரும் கூரையும் தகரம். கோழிகள் பகலில் மேயும் இடத்தைச் சுற்றிக் கம்பி வலை. தோண்டிக்கொண்டு எதுவும் நுழையாதபடி வலையின் விளிம்பை மண்ணுக்குள் புதைத்து மேலே கல் அடுக்கியிருந்தது. கதவில் இரட்டைத் தாழ்ப்பாள். கதவுக்கு வெளியே, வந்துபோகிறவர்களின் கால் பதிய வேண்டும் என்று சலித்துத் தூவிய சாம்பல்.

"துரை பங்களாவுக்கே இத்தன காவல் இல்ல," என்றான் பத்துமலை. "இதையும் மீறிக் கோழி பிடிக்கிற மூசாங்குக்கு நாம வேலை போட்டுக் குடுக்கலாம் மச்சான். என்னைவிட ஒழுங்காச் செய்யும்."

மரநாயைத்தான் இந்த நாட்டில் மலாய்க்காரர்களும் நம்மவர்களும் மூசாங் என்கிறோம்.

வீரம்மா இரண்டு கோப்பைகளில் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். மெலிந்த உடம்பு. பேசும்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"எல்லாம் எங்க ஊட்டுக்காரரு கட்டுனதுங்க. மொதக் கோழி போனப்ப வெறும் மூங்கிக் கூண்டுதான் இருந்துச்சு. மூசாங் வந்திருக்குன்னு தகரம் அடிச்சாரு. அப்புறமும் போச்சு. கம்பி வாங்கியாந்து கட்டுனாரு. அப்புறமும் போச்சு. தாழ்ப்பா போட்டாரு. சாம்பலத் தூவி, விடிஞ்சதும் என்னியக் கூப்புட்டுக் கால்தடத்தக் காட்டுனாரு."

"மூசாங்னா மூசாங்னு விட்டிர வேண்டியதுதானேம்மா? எங்கள எதுக்குக் கூட்டியாந்தீங்க?" என்று கேட்டார் சதாசிவம்.

"வாட்ச்மேன் அந்தோணிமுத்துவோட பையில கோழி எறகு இருந்துச்சுன்னு ஆபீசுல கணக்கெழுதுற கிராணி பாலத்துல வச்சுப் பிடிச்சுட்டாரு. துரைகிட்டச் சொல்லியாச்சு. நாளைக்குக் காலப் பெரட்டுல பேரக் கூப்பிடறப்ப அவனத் தோட்டத்த விட்டு வெரட்டப் போறாங்க. பொண்டாட்டி பிள்ளையோட எங்க போவான்? அவன் திருடன் இல்லீங்க."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றாள் வீரம்மா.

சதாசிவம் கோப்பியைக் குடித்து முடித்தார். "இத்தன கோழி எதுக்கு வளக்குறீங்கம்மா? வீட்டுல ரெண்டு பேருதான்."

விரல் சுற்றுவதை நிறுத்தியது. வீரம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு ஒரே பொண்ணு. நவமணி. போன வருசம் செபாஸ்டியன்னு ஒரு வேதக்காரப் பையனோட போயி டவுனுல கல்யாணம் பண்ணிக்கிட்டா. அன்னிக்கிலேருந்து இந்த ஊட்டுல அவ பேரச் சொல்லக் கூடாது. முழுகாம இருக்கான்னு தெரிஞ்சப்ப, தலப்பிரசவம் தாய்வீட்டுலதான பாக்கணும், கூட்டியாரேன்னு இவரு காலப் பிடிச்சுக் கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. பெத்து ஒரு மாசமாச்சும் இருக்கும். பெத்தவளுக்கு வெடக்கோழி ரசம் வச்சுக் குடுக்கணுமுங்க. என்னிக்காவது மனசு எறங்கிக் கூட்டியாந்தார்னா, கூட்டுல கோழி இருக்கணுமே. அதுக்குத்தான்."

முட்டையிடத் தொடங்காத இளங்கோழியை விடைக்கோழி என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் ஆகும் என்பது நம் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

பேச்சை மாற்ற நினைத்த பத்துமலை, வலைக்கு வெளியே நெஞ்சை நிமிர்த்தி உலாவிய ஒரு சிவப்புச் சேவலைக் காட்டினான். காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. "இவரு மட்டும் ஏன்க்கா வெளிய சுத்துறாரு? கங்காணிக்கும் கங்காணியா?"

"அது முனியாண்டிக்கு நேந்து விட்டது தம்பி. அடைக்கக் கூடாது. ராவுலயும் அந்தக் கொய்யா மரத்துலதான் கெடக்கும். எம் பொண்ணு நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்." அவள் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சதாசிவம் சாம்பலருகே குந்தினார். "மாப்ள, என்ன தெரியுது?"

"மூசாங் கால்."

"எந்தக் கால்?"

பத்துமலை குனிந்து பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, மூசாங் நடப்பதுபோல் நடந்து பார்த்தான்.

"மச்சான், அத்தனையும் வலது முன்னங்கால். இது நடந்து வரல. ஒத்தக் கால்ல குதிச்சுக் குதிச்சு வந்திருக்கு. வாயில கோழியோட. பாவம், சர்க்கஸ்ல இருக்க வேண்டியது."

"அடுப்படிச் சுவரப் பாத்தியா?"

பத்துமலை எட்டிப் பார்த்தான். எப்போதோ பொறியில் சிக்கிய மூசாங் ஒன்றின் தோல், காய்ந்து விறைத்து ஆணியில் தொங்கியது. அதற்கு வலது முன்னங்கால் இல்லை. வெட்டிய இடம் புதிதாக இருந்தது.

"யாரோ அந்தக் கால வச்சுச் சாம்பல்ல முத்திரை குத்தியிருக்காங்க," என்றான் மெதுவாக.

"இன்னும் பாரு. இந்தக் கூட்டுல ரத்தம் இல்ல, எறகு செதறல. மூசாங் உள்ள வந்தா ஒரு கோழியோட நிக்காது. கடிச்சுப் போட்டுட்டுப் போகும். இது பொறுமையா ஒண்ணு மட்டும் எடுத்திருக்கு. முட்டை போடுற கோழியெல்லாம் அப்படியே இருக்கு. வெடக்கோழியாப் பாத்துக் கொறஞ்சிருக்கு."

"பிள்ளைப்பேறு வைத்தியம் படிச்ச மூசாங்."

"அந்தச் சேவல் கூட்டுலகூட இல்ல. ராவெல்லாம் கைக்கெட்டுற மரத்துல உக்காந்திருக்கு. இருக்கறதுலயே பெருசு. ஏன் யாரும் தொடல?"

பத்துமலையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நேந்து விட்டது. தொட்டா முனியாண்டி சும்மா விடமாட்டாருன்னு பயம். அந்தோணிமுத்து வேதக்காரன், அவனுக்கு என்ன முனியாண்டி? மொதல்ல அதைத்தான் தூக்கியிருப்பான்." அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தான். "மச்சான், கட்டுனவரேதான் திருடனா? பெண்டாட்டிக்குத் தெரியாம மகளுக்குக் கோழி அனுப்புறாரா பெரிய கங்காணி? வீம்புக்கு ஒரு பக்கம் கூடு கட்டி, பாசத்துக்கு ஒரு பக்கம் தாழ்ப்பாள் தொறந்து. அடடா, இந்த மாதிரி நல்ல திருட்ட நான் பாத்ததே இல்ல."

சதாசிவம் சிரிக்கவில்லை. "மகளுக்கு அனுப்பறதுன்னா ஏன் மறைக்கணும் மாப்ள? பெண்டாட்டி அதுக்குத்தானே காலப் பிடிச்சா? சரின்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுபோச்சு. அத ஏன் சொல்ல முடியல அவரால?"



அந்தோணிமுத்து பாலத்தடியில் தன் காவல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். நெடிய ஆள். வேலை போகப்போகிறவனின் பதற்றம் அவனிடம் இல்லை. எதையோ சுமந்து சுமந்து களைத்தவன் மாதிரி இருந்தான்.

"நான் திருடலீங்க. யாரு குடுத்தான்னும் சொல்ல மாட்டேன். துரைகிட்டயும் இதான் சொன்னேன்."

"நீ சொல்லவே வேணாம் அண்ணே," என்றான் பத்துமலை உற்சாகமாக. "நாங்க சொல்றோம், நீ தலைய மட்டும் ஆட்டு. கோழியக் குடுக்கறது கங்காணி. கொண்டுபோறது நீ. சாப்பிடறது நவமணி. சரிதானே?"

அந்தோணிமுத்துவின் தலை ஆடவில்லை. கண்கள் மட்டும் நிறைந்தன. கையை நீட்டி, மரங்களுக்கு அப்பால் புகைக்கொட்டகையை ஒட்டி நின்ற ஒரு குடிசையைக் காட்டினான். "எம் பெண்டாட்டி இருக்கா. அங்க போயிப் பாருங்க."

ரப்பர்ப் பாலை உறைய வைத்துத் தகடாக்கிப் புகை போடும் கொட்டகை அது. அந்த நாற்றத்துக்குப் பயந்து லயத்துச் சனங்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. குடிசைக்குள் அவன் மனைவி கத்தரின் ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது தலையை நிமிர்த்தி, வந்தவர்களை விசாரணை செய்வதுபோல் பார்த்தது. உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலில் இன்னொன்று சிணுங்கியது.

"ரெட்டைப் பிள்ளையா அக்கா?" என்றான் பத்துமலை. "அதான் கங்காணி வீட்டுக் கோழியெல்லாம் இந்தப் பக்கமாவே நடந்து வருது."

கத்தரின் மடியில் இருந்ததைப் பாயில் விட்டுவிட்டுத் தொட்டிலில் இருந்ததைத் தூக்கினாள். தூக்கும்போது ஒரு கையால் அதன் கழுத்தைத் தாங்கிக்கொண்டாள்.

"மாப்ள," என்றார் சதாசிவம், கேட்டும் கேட்காத குரலில். "ரெட்டைன்னா ஒண்ணுக்குத் தலை நின்னு, இன்னொண்ணுக்கு நிக்காம இருக்குமா?"

பத்துமலை சிறியதைப் பார்த்தான். புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி அதற்குப் பால் கொடுக்கத் தொடங்கிய கத்தரினைப் பார்த்தான். தான் சொன்ன வேடிக்கையை அப்படியே விழுங்கிவிட முடிந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"நவமணி பிள்ளையாம்மா?" என்று கேட்டார் சதாசிவம்.

"ஆமாங்க. செபாஸ்டியன் எந்தம்பி." அவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "பிள்ள நல்லபடியாப் பொறந்துச்சு. அவளுக்கு ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்துனோம். பாதி வழியிலயே போயிட்டா. கடைசி வரைக்கும் எங்கம்மா வருதான்னுதான் கேட்டுக்கிட்டிருந்தா. எந்தம்பி பிள்ளைய எங்கையில குடுத்துட்டு, இங்க இருக்க முடியலக்கான்னு சிலிம் ரிவருக்கு ரயில்வே வேலைக்குப் போயிட்டான்."

"கங்காணிக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே எங்க ஊட்டுக்காரரு போயிச் சொன்னாரு. அடக்கம் பண்றப்ப அந்த ஐயா வந்து கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியில நின்னாரு. உள்ள வரல. மறுநாளு ஒரு கோழிய இடுக்கிக்கிட்டு இந்த வாசல்ல வந்து நின்னாரு. ரெண்டு பிள்ளைக்குப் பால் ஊறணும், நீ நல்லாச் சாப்பிடும்மான்னாரு. பிள்ளையக் காட்டட்டுமான்னு கேட்டேன். வேணாம்னு திரும்பிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் பாக்கல. அதுக்கப்புறம் கோழி இவரு கையில வரும். லயத்துல நாலஞ்சு பேருக்குத் தெரியும். கங்காணியம்மா காதுக்குப் போகக் கூடாதுன்னு அத்தன பேரு வாயையும் கட்டி வச்சிருக்காரு."

வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகும் பத்துமலை வாய் திறக்கவில்லை. சதாசிவம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பெரிய கங்காணி மாயாண்டியை அவர்கள் பால் கொட்டகைக்குப் போகும் வழியில் சந்தித்தார்கள். காக்கிக் கோட்டும் தலைப்பாகையுமாகக் கம்பீரமான மனிதர். சதாசிவம் புகைக்கொட்டகைப் பக்கமிருந்து வருவதைக் கண்டதும் அந்தக் கம்பீரம் தோளிலிருந்து நழுவியது. தாம் யார், எதற்கு வந்தோம் என்று சதாசிவம் சொன்னபோது அவர் எதையும் மறுக்கவில்லை. பக்கத்து ரப்பர் மரத்தில் சாய்ந்துகொண்டார்.

"அந்தோணிமுத்துவுக்கு நாளைக்கு வேலை போகுது கங்காணி," என்றார் சதாசிவம்.

"போகாது. சாயங்காலம் துரை பங்களாவுக்குப் போறேன். எங் கோழி, நாந்தான் குடுத்தேன்னு சொல்லிருவேன். என்னிய நாலு பேரு என்ன சொன்னாலும் சரி." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல ஐயா. கூட்டியாரேன்னு கேட்டா. மாட்டேன்னேன். தாய்கிட்ட இருந்திருந்தா பொழைச்சிருப்பாளோ என்னமோ. அத யாரு சொல்ல முடியும்? ஆனா அவ அப்பிடித்தான் நெனைப்பா. நானும் அப்பிடித்தான் நெனைக்கிறேன்." "எம் பெண்டாட்டிக்கு இன்னும் மக உசுரோட இருக்கா. பொழுது விடிஞ்சா அவளுக்காகக் கோழிக்குத் தீனி போடுறா. எனக்குத்தான் மக இல்ல. அவளுக்காவது கொஞ்ச நாளு இருந்துட்டுப் போகட்டுமே."

கோர்ட்டில் மூன்று மொழிகளில் பொய் கேட்டவர் சதாசிவம். இப்படி ஒரு பொய்யை அவர் கேட்டதில்லை. "சரி," என்றார்.

மூவரும் வீடு வந்தபோது வீரம்மா வாசலில் காத்திருந்தாள். மாயாண்டி கொய்யா மரத்தடியிலேயே தங்கிவிட்டார். சதாசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாத்தாச்சும்மா. அந்தோணி மேல தப்பில்ல. அந்த எறகு எங்கேயோ காட்டுல பொறுக்குனது. உங்க கோழியக் கொண்டுபோனது மூசாங்தான்."

வீரம்மா அவரையே பார்த்தாள். அவள் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"ஐயா, அந்த மூசாங்குக்குத் தாழ்ப்பாளத் தளத்தி வச்சதே நாந்தான்."

பத்துமலை திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"மொதக் கோழியிலயே தெரிஞ்சுபோச்சுங்க. இவரு எந்திரிச்சுப் போனா பாய் சில்லிட்டுப் போகாதா? இருட்டுல தடவிக்கிட்டு நிப்பாரேன்னு நானே வெடக்கோழியா எடுத்துக் கதவோரத்துல விட்டு வச்சேன். காலையில அந்தக் கால்தடத்தக் காட்டறப்ப சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். தெரிஞ்ச மாதிரிக் காட்டுனா வீம்புக்கு நிப்பாட்டிருவாரு. அப்புறம் எம் பொண்ணுக்கு ஒண்ணும் போகாது. பைப்படிக்குத் தண்ணிக்குப் போனா நாலு பொம்பளைங்க பேச்ச நிறுத்திர்றாங்க. இவருக்குப் பயந்துதான. யாருகிட்ட நான் போய்க் கேக்க? அதான் ஒங்களக் கூட்டியாந்தேன். கோழிக்காக இல்லீங்க. கோழி போற எடத்த ஒருத்தரு பாத்துட்டு வந்து சொல்லணும்." அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "பாத்தீங்கல்ல? ஆணா, பொண்ணா?"

சதாசிவம் பத்துமலையைப் பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பத்துமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு," என்றது மரத்தடியிலிருந்து ஒரு குரல்.

வீரம்மா திரும்பினாள். புருசனின் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதில் அவள் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் பத்துமலை கண்களை மூடிக்கொண்டான்.

"யாரு சாடைங்க? அவ சாடையா?"

"நான் இன்னும் பாக்கல வீரம்மா."

"ஒரு மாசமாக் கோழி குடுத்தீங்க. பிள்ளையப் பாக்காமலா வந்தீங்க?"

மாயாண்டி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. வீரம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேள்விகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து, கேட்கப்படாமலே போயின.

"கோழியெல்லாம் யாருக்குங்க?" என்றாள் கடைசியில். குரலில் சத்தமே இல்லை.

"பால் குடுக்குறவளுக்கு."

அவள் அழவில்லை. எப்போது என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெறுங்காலோடு வாசலைத் தாண்டி, பாலத்தை நோக்கி விடுவிடென்று நடக்கத் தொடங்கினாள். மாயாண்டி பின்னால் போனார். கூப்பிடவும் முடியவில்லை அவரால், நிற்கவும் முடியவில்லை. சதாசிவமும் பத்துமலையும் தூரத்தில் தொடர்ந்தார்கள்.

காவல் கொட்டகையிலிருந்த அந்தோணிமுத்து அவளைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

பாலத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று டவுனுக்கு, ஒன்று புகைக்கொட்டகைக்கு. வீரம்மா அங்கே நின்றுவிட்டாள். தன் பேத்தி எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள், திரும்பிப் பார்க்காமல்.

மாயாண்டி அவளைக் கடந்து, புகைக்கொட்டகைப் பாதையில் முன்னால் நடந்தார்.